நத்தை நகரும் நேரம்

பதினான்காவது கேள்வியைத் தாண்டிப் பதினைந்து, பதினாறு என்று இருபத்தைந்து வரைக்கும் போய் எல்லா வட்டத்தையும் நிரப்பிவிட்டு, வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்புகிறவள் மாதிரி மறுபடி பதினான்குக்கே வந்து நின்றாள் ஷோபனா. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அடித்த பெஞ்சு. முழங்கால் இரண்டும் மேசைக்கு அடியில் இடித்துக்கொண்டு, முதுகை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல், நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு உட்கார்வு. முன்னால் ரிஸ்வானா, அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு அப்பா, சுவரோரமாக இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லாரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கே வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. திருச்சியில் மார்ச் மாதம் என்றால் அப்படித்தான், அதற்கு யார் என்ன செய்ய முடியும். கேள்வித்தாள் இரண்டு கட்டாக வைத்திருந்தார்கள், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. எல்லாரும் தமிழை எடுத்தபோது இவள் மட்டும் இங்கிலீஷை எடுத்தாள். கான்வென்ட் படிப்பு சும்மா இருக்குமா. எடுத்ததோடு நிற்காமல் தமிழ்க் கட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எடுத்தாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. இப்போது அந்த இங்கிலீஷ்தான் உதைத்தது. தமிழ்த் தாளில் எப்படிப் போட்டிருக்கிறார்களோ, சுற்றி வளைத்து மரியாதையாகக் கேட்டிருப்பார்களோ என்னவோ. இதில் ஒரே வரி. வீட்டில் பயிற்சி நேரத்தில் குழந்தையைத் தவிர வேறு யாராவது திரையைத் தொட்டார்களா. அதற்கு எதிரே ஐந்து வட்டம். ஆல்வேஸ் என்று தொடங்கி நெவர் என்று முடிகிறது. நெவர் என்ற வட்டத்தின்மேல் பென்சில் முனையை வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. ரப்பரால் அழித்தாள். புள்ளி போய்விட்டது, அழித்த அழுக்கு போகவில்லை.

அந்தத் திரை ஒரு டேப்லெட், அதை ஆகஸ்டில் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பூங்கோதை என்று ஒரு பெண், ஆராய்ச்சி மாணவி, கண்ணாடி, காட்டன் குர்த்தா, பேசும்போது அவசரமே இல்லாத ஒரு குரல். பெற்றோர்களை உட்காரவைத்துச் சொன்னாள்: கேள்வி கேட்டுவிட்டு நாம் ஒரு செகண்டுகூடக் காத்திருப்பதில்லை, வாத்தியார்களும் சரி, பெற்றோர்களும் சரி, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நாமே சொல்லிவிடுகிறோம். காத்திருந்தால் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி, வீட்டிலேயும் பார்ப்போம், வகுப்பிலேயும் பார்ப்போம். அதற்குத்தான் அந்த நத்தை. திரையில் கேள்வி வரும், கீழே இடது மூலையிலிருந்து ஒரு நத்தை புறப்படும், வலது மூலைக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம். பாதி வழியில் ஒரு பெண் குரல், யோசி, நேரம் இருக்கு, என்று சொல்லும். ஷோபனா அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு நிமிஷத்துல நான் நாலு தோசை ஊத்திடுவேனே மேடம், என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள். சிரிப்பு வரவழைக்கிறவள் என்று ஷோபனாவுக்கு எப்போதும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவள் கெட்டியாகத்தான் பிடித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஏழு மணிக்கு மகள் சாதனா தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள், நீல ரப்பர் உறை போட்ட டேப்லெட் மடியில். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா. பிள்ளை உடனே மின்விசிறியைப் பார்க்கும். எதற்கு மின்விசிறியைப் பார்க்கிறது, அதிலா எழுதியிருக்கிறது. உதடு அசையும், சத்தம் வராது. நத்தை நகரும். கொம்பை ஆட்டிக்கொண்டு, வழவழவென்று, பின்னால் ஒரு வெள்ளிக் கோடு இழுத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற திமிரோடு நகரும். அடுப்பில் குக்கர் இரண்டு விசில் விட்டாயிற்று, மூன்றாவதுக்கு அணைக்க வேண்டும், கையில் மஞ்சள், பிள்ளை மின்விசிறி, நத்தை பாதி வழி, யோசி நேரம் இருக்கு. யாருக்கு இருக்கிறது நேரம். ஷோபனா குனிந்தாள், ஒரு விரல், மூன்றில் ஒன்று, டிங் என்று மணி அடித்தது, திரையில் நட்சத்திரம் கொட்டியது. சாதனா அண்ணாந்து பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். பஸ்ஸில் நாம் எழுந்திருக்கும் முன்னே நம் இடத்தில் உட்கார்ந்துவிட்டவரைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

"ஷோபனாக்கா, முடிச்சிட்டீங்களா." ரிஸ்வானா பெஞ்சில் பாதி திரும்பியிருந்தாள். அவள் மகனும் சாதனாவோடு நான்கு பி-தான், ஜெனிட்டா மிஸ் வகுப்பு.

"முடிச்சாச்சு. சும்மா ஒரு தடவ பாக்குறேன்."

"ஒங்களுக்கென்னக்கா, இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவீங்க. நான் எல்லாத்துக்கும் சில நேரங்களில்னு போட்டுட்டேன். எது கேட்டாலும் சில நேரங்களில்தானே நடக்குது." சொல்லிவிட்டுக் குரலை இறக்கினாள். "ஜெனிட்டா மிஸ் விஷயம் தெரியுமா ஒங்களுக்கு. இந்த வருஷத்தோட நிப்பாட்டுறாங்களாம். ஜூன்ல நிரந்தரம் பண்றதா இருந்தாங்களாம், ஹெச்.எம். சிஸ்டர் வேண்டாம்னுட்டாங்களாம். இன்னைக்கு மத்தியானம் கூப்புட்டுச் சொல்லப் போறாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு."

"எதுக்காம்."

"எதுக்கா." ரிஸ்வானா சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, மெச்சுகிற சிரிப்பு. "நீங்கதானேக்கா அன்னைக்கு நாலு வார்த்த நல்லாக் கேட்டீங்க. எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வருமா."

நாலு வார்த்தை. ஷோபனா பென்சிலை மேசைமேல் வைத்தாள், அது உருண்டது, பிடித்து மறுபடி வைத்தாள். நாலு வார்த்தையா அது, எண்ணிப் பார்த்தால் நாற்பது இருக்கும், ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது, மற்றவர்கள் சொன்னதுதான் மறந்துபோகும், தான் சொன்னது ஒரு எழுத்துகூட மறக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே அறையில், சுவரில் வெளிச்சம் பாய்ச்சிப் பூங்கோதை ஒரு வரைபடம் காட்டினாள். பெயர் கிடையாது, மாணவர் ஏழு என்று மட்டும் போட்டிருந்தது. இரண்டு கோடு. வீட்டில் செய்தது சிவப்பு, வகுப்பில் அதே டேப்லெட்டில் செய்தது நீலம். சிவப்பு மலையேறிப் போயிற்று, ஒன்பதாவது லெவல், பதிலுக்கு இரண்டு செகண்ட் மூன்று செகண்ட். நீலம் தரையோடு படுத்துக் கிடந்தது. இந்த ஒரு பிள்ளை மட்டும் ஏன் இப்படி என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை, பார்க்க வேண்டும், என்று பூங்கோதை நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் போனாள். போயிருப்பாள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் ஷோபனாவுக்கு உடம்பெல்லாம் ஒரு நிமிர்வு வந்தது, தன் மார்க்‌ஷீட்டைத் தானே பார்க்கிற மாதிரி. யாரும் கேட்காமலே கையைத் தூக்கினாள். அது என் பொண்ணு மேடம். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றாள். வீட்டுல நத்தை நாலு அடி வைக்கிறதுக்குள்ள டக்கு டக்குனு சொல்றா. இங்க வந்தா மட்டும் வாய்ல கொழுக்கட்டையா. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறாங்களா, பயம் நடத்துறாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர். அந்தக் கடைசி வரி நன்றாக விழுந்தது என்று அப்போதே தெரிந்தது, இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சிஸ்டர் ஜெனிட்டா மிஸ் பக்கம் பார்த்தார். ஜெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்தாறு இருக்குமா, கறுப்பு, ஒல்லி, கையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. அவள், நான் இன்னும் பாக்குறேன் மேடம், என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்குப் போகிற வழியில் புத்தூர் நால்ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது ஷோபனா ஸ்கூட்டி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டிருந்தது. தனக்கே தெரியும் சிவப்புக் கோடு யாருடையது என்று. எப்படி மறந்தாள் அதை. மறக்கவில்லை, அதுதான் கேவலம். தெரிந்துகொண்டேதான் நின்று பேசினாள். பேசப் பேச அது உண்மை மாதிரி ஆகிவிட்டது, தான்தானே சாதனா, சாதனா தன் பிள்ளைதானே, விரல் யாருடையதாக இருந்தால் என்ன.

விரல். பயம் இப்போது அந்த விரலில் வந்து உட்கார்ந்தது. பெரிய விரல் எது, சின்ன விரல் எது என்று அந்தக் கண்ணாடிக்குத் தெரியுமா. தெரிந்தால் இந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறார்கள், நேராகப் பிடித்துவிடலாமே. தெரியாமல்தான் கேட்கிறார்கள். இல்லை, தெரிந்துகொண்டு ஆழம் பார்க்கிறார்களோ. நேற்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் சோப்பு போட்டுத் துடைத்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், நீல ரப்பரின் வலது ஓரத்தில் மஞ்சள் கறை, ஒரு கட்டைவிரல் அகலம், போகவே இல்லை. ஆறு மாசமாகத் தினமும் ஏழு மணிக்குச் சமையலறையிலிருந்து வந்து பிடித்த இடம். பிடித்த இடம் என்று சொல்வதுகூடப் பொய். முதல் மாசம் இவள் குனிவாள். அப்புறம் லெவல் ஏறிவிட்டது, பிள்ளைக்குக் கேள்வியே புரியாத லெவல், ஆறில் ஐந்தா எட்டில் ஏழா என்று கேட்கிற லெவல், ஆக ஏற்றினவளே சுமக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது மாசத்துக்கு மேல் சாதனா மின்விசிறியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கேள்வி வந்ததும் டேப்லெட்டை அப்படியே திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தி, தலைக்குமேல் தூக்கி நீட்டுவாள். சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவப் போடுவதற்கு நீட்டுகிற மாதிரி. நீட்டிவிட்டுக் கண் வேறெங்கோ இருக்கும், கால் கொலுசை ஆட்டிக்கொண்டிருக்கும். அதை ஷோபனா பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லாப் புடி, ஆடுது, என்றாள்.

"மேடம், இந்தாங்க, இது நல்லா சீவியிருக்கு." ஜெனிட்டா மிஸ்தான். ஒவ்வொரு பெஞ்சாக வந்து முனை மழுங்கின பென்சிலை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆக இவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. மத்தியானம்தான் சொல்லப் போகிறார்கள். ஷோபனா தாளின்மேல் முழங்கையை வைத்து மறைத்தாள்.

"சாதனா மேட்டர் ஒண்ணு சொல்லணும் மேடம், ஒங்களப் பாத்தா சொல்லணும்னே இருந்தேன்." குனிந்து ரகசியம் போலச் சொன்னாள். "நேத்து கிளாஸ்ல பதில் சொன்னா."

"ஓ."

"மூணுல ஒண்ணு பெருசா நாலுல ஒண்ணு பெருசான்னு கேட்டேன். எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க, நான் யாரையும் சொல்லவிடல. மனசுக்குள்ள எண்ணிட்டே நின்னேன், நாப்பது வரைக்கும் வந்துட்டேன். திடீர்னு, மிஸ், மூணு பேர் பிரிச்சுக்கிட்டாத்தான் பெரிய துண்டு வரும், நாலு பேர்னா சின்னதாயிடும்னு சொல்றா. எனக்கு அழுகையே வந்துருச்சு மேடம். இனிமே வந்துருவா. கொஞ்சம் டைம் மட்டும் கொடுத்தாப் போதும்."

"நாப்பது செகண்டா," என்றாள் ஷோபனா. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஜெனிட்டா மிஸ்ஸின் முகம் கொஞ்சம் சுருங்கிற்று, "என் தப்புதான் மேடம், ஜூன்லயே இப்படி நின்னுருக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

மூன்று பேர் பிரித்துக்கொண்டால் பெரிய துண்டு. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஆகஸ்டில், குக்கர் விசிலுக்கு நடுவே, உதடு அசைந்தது இதைச் சொல்லத்தானா. இன்னும் இருபது செகண்ட் விட்டிருந்தால் வந்திருக்குமா. ஆறு மாசமாக நட்சத்திரம் வாங்கினாளே, ஒரு தடவையாவது, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இவளுக்குத் தெரியுமா. சகாயமேரி என்று ஒருத்தி. இத்தனை வருஷம் கழித்து அவள் எதற்கு வருகிறாள் இங்கே. ஆறாம் வகுப்பில் பக்கத்து இடம், எண்ணெய் வழிகிற இரட்டைப் பின்னல், எதைக் கேட்டாலும் எழுந்து நின்று மேசை விளிம்பை நகத்தால் சுரண்டுவாள். சிஸ்டர் கேள்வி கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருப்பார். அந்த நிற்றலை ஷோபனாவால் தாங்க முடியாது, உட்கார்ந்த இடத்தில் ஊசி குத்தும், அடிக்குரலில் பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். சகாயமேரி அதை அப்படியே சொல்லுவாள். சொல்லிக் கொடுக்கிற நல்ல மனசு என்றுதான் இத்தனை நாளும் அதற்குப் பெயர் வைத்திருந்தாள், புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், நான் இல்லேன்னா அவ பாஸே ஆகியிருக்க மாட்டா. ஒருநாள் சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். ஷோபனா, உன்னை யார் கேட்டது. அடிக்கவில்லை, முட்டி போட வைக்கவில்லை, அந்த ஒரு கேள்விதான். அப்புறம் சகாயமேரியிடம் திரும்பி, நீ சொல்லும்மா, என்றார். சகாயமேரி நின்றாள். மணி அடிக்கிறவரைக்கும் நின்றாள். அவளுக்குச் சுரண்டக்கூடத் தோன்றவில்லை, அவள் பார்த்தது ஷோபனாவின் வாயை. அந்த வருஷம் அவள் பாஸ் ஆகவும் இல்லை. அதை மட்டும் கதையில் சேர்ப்பதில்லை.

நெவர் என்று போட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. சிவப்புக் கோடு சாதனாவுடையதாகவே இருக்கும், பூங்கோதை அதைப் புத்தகமாகப் போடுவாள், எங்கேயோ யாரோ படித்துவிட்டு நத்தை வேலை செய்கிறது என்பார்கள், மத்தியானம் ஜெனிட்டா மிஸ்ஸைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுவார்கள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே உட்காருவாள். சரி, ரேர்லி என்று போட்டால். ரேர்லி என்றால் எப்போதாவது, எந்தத் தாய்தான் எப்போதாவது தொடமாட்டாள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம். உனக்கு எல்லாவற்றுக்கும் பதில் வரும் ஷோபனா, டக்கென்று வரும். ஆல்வேஸ் என்று போட்டால். போட்டுவிட்டு இந்தப் பத்துப் பேருக்கு நடுவே எழுந்து போக வேண்டும், ரிஸ்வானா பெஞ்சில் பாதி திரும்பிப் பார்ப்பாள், வாட்ஸப் குரூப்பில் சாயங்காலத்துக்குள் வந்துவிடும், இங்கிலீஷ்க்காரி கதை தெரியுமா என்று. கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. பென்சிலை எடுத்தாள். வைத்தாள்.

"ஷோபனா மேடம், வரீங்களா."

மூலையில் டீச்சர் மேசை, பூங்கோதை, எதிரே நல்லவேளையாகப் பெரியவர்கள் நாற்காலி. தாளைக் கொடுத்தாள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த சாதனா அம்மா முறை வந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தோள்மேல் சாய்ந்துகொண்டாள், மூச்சு வாங்கிற்று, தலையில் மணல். ஜெனிட்டா மிஸ் அலமாரிப் பக்கம் நின்று பென்சில்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பூங்கோதை பக்கங்களைப் புரட்டினாள், ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள், ஓரிடத்தில் விரல் நின்றது.

"பதினாலு விட்டுப்போச்சு போல மேடம். அழிச்சிருக்கீங்க." தாளை இவள் பக்கம் திருப்பினாள். "பயிற்சி நேரத்துல வேற யாராச்சும் தொட்டாங்களா."

கேட்டுவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். உதவியாக எதையும் சேர்க்கவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை, தொண்டையைச் செருமவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான், வேலையே அதுதானே அவளுக்கு. ஷோபனா வாயைத் திறந்தாள். ஒன்று, இரண்டு. மேலே மின்விசிறி சுற்றியது, ஒரு இறக்கையில் மட்டும் யாரோ எப்போதோ ஒட்டின பிறந்தநாள் ஸ்டிக்கர், சுற்றும்போது ஒரு சிவப்பு வளையமாகத் தெரிந்தது. ஏழு, எட்டு. மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பெஞ்சுகளில் பென்சில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பதினைந்து. தோள்மேல் இருந்த சின்னக் கை இறுகிற்று. சாதனா அம்மாவின் வாயைப் பார்த்தாள், பூங்கோதையைப் பார்த்தாள்.

"அம்மா தொடல மிஸ். நானேதான் எல்லாம் போட்டேன்."

டக்கென்று வந்தது. தடங்கலே இல்லை. பூங்கோதை சிரித்தாள், "இவ்வளவு வேகமா நீ பேசி நான் கேட்டதே இல்லையே," என்றாள். அலமாரிப் பக்கத்திலிருந்து ஜெனிட்டா மிஸ்ஸும் திரும்பினாள், அவள் முகத்தில் ஒரு சந்தோஷம், அதுதான் தாங்க முடியவில்லை. ஆறு மாசமாகத் தினமும் ஏழு மணிக்குச் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை, பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தில் ஒருத்தி திணறிக்கொண்டு நின்றால் அவளுக்கு முந்திக்கொண்டு பதிலைப் போட்டுவிட வேண்டும். பொய்யானால் என்ன, டிங் என்று மணி அடித்தால் சரி. ஷோபனா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை இந்தப் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தை, உப்பு மாதிரி சமையலறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிற வார்த்தை, இப்போது எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"அவ சொல்றது நெசமில்ல," என்றாள். அன்றைக்கு எழுந்து நின்று பேசின அதே குரலைத் தேடி எடுத்தாள், கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல், கேட்கத்தான் வேண்டும். "நான்தான் தொட்டேன். தினமும். அந்தச் செவப்புக் கோடு பூரா நான் போட்டது. கிளாஸ்ல வந்ததுதான் இவளோடது. ஜெனிட்டா மிஸ் பயமுறுத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்குப் பேசினது தெரிஞ்சே பேசினது. சிஸ்டர்கிட்ட இப்பவே வந்து சொல்றேன்." பென்சிலை எடுத்து ஆல்வேஸ் என்ற வட்டத்தைக் கறுப்பாக, தாள் கிழிகிற அளவுக்கு நிரப்பினாள்.

ரிஸ்வானாவின் பெஞ்சு ஒரு தடவை கிறீச்சிட்டது. ஜெனிட்டா மிஸ் கையில் பென்சில் டப்பாவோடு அப்படியே நின்றாள், அவள் கண்ணை ஷோபனாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவள் செருப்பைப் பார்த்தாள், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. மடியில் இருந்த கை மெல்ல நழுவி வெளியே போயிற்று. சாதனா ஒரு அடி தள்ளி நின்றாள். மின்விசிறியைப் பார்த்தாள். உதடு அசைய ஆரம்பித்தது. என்ன சொல்லப் போகிறாள் என்று ஷோபனாவின் நாக்கு நுனியில் நாலைந்து பதில் வந்து முட்டியது. வீட்டுக்குப் போலாம்மா என்பாள், ஏம்மா சொன்ன என்பாள், அழுவாள். பல்லைக் கடித்து ஒவ்வொன்றாக விழுங்கினாள். பத்து, பதினொன்று. இருபது. பூங்கோதை அசையவில்லை. முப்பத்தைந்து இருக்கும்.

"அப்ப நான் எந்த லெவல்மா," என்றாள் சாதனா.

ஷோபனாவுக்குப் பதில் தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.